ஏசிக்கு வருடா வருடம் கேஸ் நிரப்பித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். "போன வருஷம் போட்ட கேஸ் தீர்ந்துபோச்சு சார்" என்று யாரோ சொல்லித்தான் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரசர், செம்புக் குழாய், வளைந்து வளைந்து போகும் குழாய்த் தொகுப்பான காயில் என்று மூடிய பாதைக்குள்ளேயே சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

சென்னையில் ஏசி, கோல்டு ரூம் வேலைகளை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். திருவான்மியூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் ஒவ்வொரு கோடையிலும் யாராவது வந்து கேஸ் போட்டுக் காசு வாங்கிப் போயிருக்கிறார்கள். என்னிடமும், "கேஸ் மட்டும் போட்டுடுங்க தம்பி, போதும்" என்றார். "முதல்ல எங்கே போகுதுன்னு பார்த்துடறேன்மா" என்றேன்.

வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் யூனிட்டில் தடிமனான குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் கறுப்பாகத் தூசி. கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் இடம் பெரும்பாலும் இப்படிக் காட்டிக்கொடுத்துவிடும். சோப்பு நுரையைத் தடவினேன். சிறிது நேரத்தில் ஒரு குமிழி மெதுவாக உப்பியது. அவரையும் ஜன்னலுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். மிச்சக் கேஸை வெளியில் விடாமல் சிலிண்டரில் எடுத்து, குழாய் நுனியை வெட்டி, புதிதாகப் புனல் மாதிரி விரித்து ஃப்ளேர் அடித்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி வேக்குவம் போட்டு, அவுட்டோர் ஸ்டிக்கரில் போட்டிருந்த கிராம் கணக்குக்கு ஆர்32 கேஸைத் தராசில் எடை வைத்து ஏற்றினேன். கூலி கூடுதல்தான். அதற்கப்புறம் கேஸுக்காக அங்கிருந்து போன் வரவில்லை.

இதைப் படிக்கும் மெக்கானிக்குகள் கோபப்பட வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை. கடலோர வீடுகளில் உப்புக் காற்றில் காயிலே அரித்து ஓட்டை விழும். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று விடும். அங்கே காயிலை மாற்றச் சொல்வது ஏமாற்று வேலை இல்லை. இன்னொன்று, ஐஸ் கட்டினாலே கேஸ் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். ஃபில்டர் அடைத்திருந்தாலும் இன்டோரில் ஐஸ் கட்டும்.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இப்போது கட்டும் அடுக்குமாடிகளில் ஜிம் இருக்கிறது, பார்ட்டி ஹால் இருக்கிறது. அவுட்டோர் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் இல்லை. சன்ஷேடில் ஒரு காலும் பிராக்கெட்டில் ஒரு காலுமாக எங்கள் பையன்கள் மேல்மாடிகளில் தொங்கிக்கொண்டு நட் முடுக்குகிறார்கள். பாதுகாப்பு பெல்ட்டை மாட்ட ஒரு கொக்கிகூடச் சுவரில் கிடையாது. பிளான் போடும்போதே இதைக் கேட்டால், "எலிவேஷன் கெட்டுடும்", அதாவது கட்டடத்தின் வெளித்தோற்றம் கெட்டுவிடும் என்கிறார்கள். வீடு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து பில்டரிடம் இதை ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்டால் அவர்கள் காதில் ஏறுவதில்லை.