பதில்: 10 ஜிகாபிட் போர்ட்டில் 1 ஜிகாபிட் சுவிட்ச் ஏன் பேசவில்லை?

வணக்கம் தம்பி. பாளையங்கோட்டை ஆய்வகத்தில் எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் லாஜிக்கை நாமே அமைக்கும் சிப்) பலகையின் 10 ஜிகாபிட் போர்ட்டைப் பழைய 1 ஜிகாபிட் சுவிட்சுடன் ஃபைபரில் இணைத்தீர்கள், கடிகாரத்தைக் குறைத்தும் இணைப்பு விளக்கு எரியவில்லை என்கிறீர்கள். எரியாது. வேகம் மட்டுமல்ல, குறியாக்கமே வேறு. 10 ஜிகாபிட்டில் 64/66 குறியாக்கம் (64 பிட்டை 66 பிட்டாக்கி அனுப்புவது), கம்பியில் நொடிக்கு 10.3125 ஜிகாபிட், 1 ஜிகாபிட்டில் 8/10, கம்பியில் 1.25. அந்தக் குறியாக்கப் பகுதியையே மாற்ற வேண்டும்.

நல்ல செய்தி, 156.25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை மாற்ற வேண்டாம். எட்டால் பெருக்கினால் 1250, அதாவது கம்பியில் வேண்டிய அதே 1.25 ஜிகாபிட். அதற்கு டிரான்சீவரின் (பிட்டுகளை அனுப்பிப் பெறும் பகுதி) பிஎல்எல், அதாவது கடிகாரத்தைப் பெருக்கும் சுற்றின், அமைப்பை மட்டும் திருத்துங்கள். போர்ட்டில் செருகும் ஃபைபர் மாட்யூலும் 1 ஜிகாபிட்டை ஏற்பதாக இருக்கட்டும்.

அடுத்தது பஃபர், அதாவது தரவைத் தற்காலிகமாகத் தேக்கும் இடம். உங்கள் லாஜிக் 64 பிட் அகலத்தில் கொட்டுகிறது. வெளியே 125 மெகாஹெர்ட்ஸில் 8 பிட்தான் போகும். அணை திறந்த வேகத்தில் கன்னடியன் கால்வாய்க்குள் தண்ணீர் விட்டால் கரை தாங்குமா? இரு கடிகாரங்களுக்கு நடுவே ஃபைஃபோ (முதலில் வந்ததை முதலில் அனுப்பும் பஃபர்) வைத்து, அது நிரம்பும்போது தரவு கொட்டும் லாஜிக்கை நிறுத்துங்கள்.

ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனைகளும் தாமே பேசி அமைப்பை முடிவு செய்வது) இரு முனையிலும் ஒன்றுபோல் வையுங்கள். இதைக் கவனிக்காமல் தென்காசியில் இரண்டு நாள் ஃபைபரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நான்.

பிறகு 100 மெகாபிட்டும் வேண்டுமென்றால் எஸ்ஜிஎம்ஐஐ (பலகைக்கும் மாட்யூலுக்கும் இடையிலான இணைப்பு முறை) பேசும் செம்பு மாட்யூல் வாங்குங்கள். பலகைக்கும் மாட்யூலுக்கும் இடையே அதே 1.25தான், 100 மெகாபிட்டில் ஒவ்வொரு பைட்டும் பத்து முறை திரும்ப வரும்.