பினாங்கில், பெருநிலத்திலுள்ள பிறையிலிருந்து பாலம் கடந்து தீவிலுள்ள பாயான் லெப்பாசுக்கு 20 டன் எக்ஸ்கவேட்டரை (மண் தோண்டும் இயந்திரம்) ஏற்றிப் போக, தளம் தாழ்ந்த கனரக வண்டியான லோ-லோடர்தான் வேண்டுமா? சாதாரண லாரி போதாதா?

போதாது. எடையை விட முதலில் உயரத்தைப் பாருங்கள். இந்த அளவு இயந்திரம் கையை மடக்கி வைத்தாலும் சுமார் 3 மீட்டர் நிற்கும். சாதாரண லாரியின் தளமே ஒன்றரை மீட்டர் உயரம் இருக்கும். இரண்டையும் கூட்டினால் மேம்பாலத்தின் அடியில் எங்கேயாவது இடிக்கக்கூடும். லோ-லோடரின் தளம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், புவியீர்ப்பு மையமும் தாழ்வதால் வளைவில் கவிழும் பயம் குறைவு. எடையும் பல சக்கர அச்சுகளில் பிரிந்து விழும். சாலையையும் பாலத்தையும் கெடுப்பது மொத்த எடையை விட ஒரே அச்சில் விழும் எடைதான்.

அகலம் அடுத்த தலைவலி. சட்டப்படி வாகன அகலம் 2.5 மீட்டர், இயந்திரம் சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் சங்கிலிப் பட்டைகள் அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அனுமதி இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். "நான் பார்த்துக்கிறேன் அண்ணே" என்று லாரிக்காரர் சொன்னால், காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இயந்திரத்தைத் தளத்தில் கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பட்டையில் ஒட்டிய சேற்றை முதலில் சுரண்ட வேண்டும். ஈர இரும்பின் மேல் இரும்பு வழுக்கும், என்னதான் எடை இருந்தாலும். வாளியைத் தளத்தில் அழுத்தி இறக்கி, நான்கு மூலையிலும் தனித்தனிச் சங்கிலி போட வேண்டும். கட்டுவதற்குத் துணிப்பட்டையை நான் நம்ப மாட்டேன், கூரான விளிம்பில் உரசினால் அறுந்துவிடும்.

அப்புறம் ஒன்று: புறப்பட்டுச் சில கிலோமீட்டரில், பாலம் ஏறும் முன்பே, ஓரம் கட்டிச் சங்கிலியை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். குலுங்கிக் குலுங்கி இயந்திரம் தளத்தில் அமர்ந்ததும் சங்கிலி கட்டாயம் தளரும்.