சந்தாவும் புள்ளடியும்

அன்புள்ள சேர்,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று என் ஊர். வயது 26. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வாக்கு தோட்டத்தில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால், பலகாரம் தின்ற நேரத்தைவிடத் தேர்தல் சண்டை நடந்த நேரம் அதிகம். அப்பா முப்பது வருடமாகச் சேவல் சங்கத்தில், அதாவது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸில் இருப்பவர். அவர்கள் இம்முறை நுவரெலியாவில் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தில் கேட்கிறார்கள். “யானையோ சேவலோ, ஆள் நம் ஆள்தானே” என்கிறார். அம்மாவுக்குத் தொலைபேசி, அதாவது ஐக்கிய மக்கள் சக்தி. சித்திக்கு ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்தது அந்த ஆட்கள் காலத்தில்தான் என்பது அவர் கணக்கு. தம்பி திசைகாட்டி, தேசிய மக்கள் சக்தி. 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலை அவர்கள் வென்றதிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. மூன்று பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலுக்கு ஊருக்குப் போகாமல் கொழும்பிலேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்பாவின் சங்கத்துக்கு மாறாகப் போடுவது துரோகமா? வீட்டில் பொய் சொல்ல வேண்டி வருமே என்றும் பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

யாருக்குப் போடுவது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். சங்கத்தின் தோட்டத் தலைவர் சொன்னதை விட்டுவிட்டு இந்த வாத்தியார் சொன்னதைக் கேட்பதில் உங்களுக்கு என்ன லாபம்?

துரோகம் என்ற சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்பாவின் சம்பளத்தில் மாதாமாதம் சங்கத்துக்குச் சந்தா பிடிக்கிறார்கள். கூலிப் பதிவில் பேர் வெட்டப்பட்ட நாளிலும், கொழுந்து நிறுக்கையில் தகராறு வந்த நாளிலும், தோட்டத் துரையின் மேசைக்கு முன்னால் அவருக்காகப் போய் நிற்க ஒரு ஆள் இருந்திருப்பார். அந்த நன்றி சின்ன விஷயம் இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த எவனும் அதைப் பரிகசிக்க மாட்டான். ஆனால் அந்த உதவிக்குரிய கட்டணம் சந்தாவிலேயே தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் வாக்கையும் கொடுப்பது அப்பாவின் விருப்பம். நீங்களும் சேர்ந்து கட்ட வேண்டிய பாக்கி எதுவும் அங்கே இல்லை.

மலையகத்தில் சந்தாவும் வாக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது எப்படி என்பது உங்கள் வயதுக்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 1947 தேர்தலில் அப்பாவின் சங்கத்துக்கு முன்னோடியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. என் தாத்தா தலவாக்கலைத் தொகுதியில் வாக்களித்தார், வென்றவர் கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளை. அதுதான் தாத்தாவின் கடைசி வாக்கு. 1948இல் நம்மை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, மறுவருடமே வாக்குரிமையும் போனது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, நம்மில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சத்துக்குப் பத்து வருடம் கழித்து இன்னொரு ஒப்பந்தம். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை என்ற 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1989இல்தான் என் அப்பா முதன்முதலாக வாக்களித்தார். தலைமுடி நரைத்த பிறகு.

இடையில் கிடந்த அந்த நாற்பது வருடமும் நமக்குப் பாராளுமன்றம் என்றால் அது சங்கம்தான். பாராளுமன்ற உறுப்பினர், வக்கீல், பிரதேச செயலகம் எல்லாம் சங்க ஆபீஸ். அதனால் வாக்கு திரும்பி வந்தபோது, சந்தா போன அதே வழியில் அதுவும் போனது. அப்பாவின் தலைமுறைக்கு அது இயல்பு. கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் உங்களுக்கு எந்தச் சங்கத்திலும் சந்தா இல்லை. வீட்டில் நீங்கள் மட்டும் எந்தப் பக்கமும் இல்லாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்று பேர் சொல்வதிலும் பாதி உண்மை என்கிறீர்கள். எதிர்ப்பாதியையும் வைத்துப் பாருங்கள். யானையின் ஆட்சிக் கணக்கில் 1948 சட்டம் இருக்கிறது, 1988 சட்டமும் இருக்கிறது. தொலைபேசி 2020இல் அந்த வீட்டிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போனது; பூர்வீகத்தின் பற்று வரவில் அதற்கும் பங்குண்டு. திசைகாட்டியின் நடுவில் இருக்கும் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி), தொடக்கத்தில் நடத்திய ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்றின் பெயர் இந்திய விஸ்தரிப்புவாதம். அந்தப் பாடத்தில் நாம் எந்த இடத்தில் இருந்தோம் என்று தம்பியிடம் கேளுங்கள். அதே திசைகாட்டி 2023 ஒக்டோபரில் ஹட்டனுக்கு வந்து நமக்கான வாக்குறுதிகளை ஹட்டன் பிரகடனம் என்று எழுதியும் தந்திருக்கிறது. அதைத் தம்பி முழுக்க வாசித்திருக்கிறானா என்றும் கேளுங்கள். பழைய கணக்கை மட்டும் பார்த்தால் ஒருவருக்கும் போட முடியாது. அதை மறந்துவிட்டால் யாருக்கும் போட்டுவிடலாம்.

வாக்குக் கேட்டு வருபவர்கள் சம்பளத் தொகை ஒன்றைச் சொல்வார்கள். அதில் மயங்காதீர்கள். 2015இலிருந்து கேட்ட நாள் சம்பளம் 1,000 ரூபாய் 2021இல்தான் வந்தது. 2024 மே மாதம் 1,700 என்று அரசாங்க வர்த்தமானி வந்தது. வழக்கு, பேச்சுவார்த்தை என்று இழுபட்டு, அந்த வருடம் அடிப்படைச் சம்பளம் 1,350இல் நின்றது. காரணம் எளிது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போய்விட்டது. சம்பளம் கொடுப்பவர் கம்பெனிக்காரர். அரசாங்கம் நெருக்கலாம், சட்டம் போடலாம், பணப்பெட்டிச் சாவி அதன் கையில் இல்லை.

நிலம் அப்படியில்லை. கம்பெனிகளிடம் இருப்பது குத்தகைதான், காணி இன்னும் அரசுக்குச் சொந்தம். காணி உறுதி, அதாவது நில உரிமைப் பத்திரம், கொடுக்க அரசாங்கம் மனம் வைத்தால் போதும். ஆகவே வேட்பாளர் உங்கள் லயத்துக்கு வந்தால் சம்பளத்தைக் கேட்காமல் இதைக் கேட்டுப் பாருங்கள்: எத்தனை பேர்ச், உறுதி யார் பெயரில், அம்மாவின் பெயரும் அதில் இருக்குமா, வீட்டுக்கு இலக்கமும் தெருப் பெயரும் எப்போது வரும்? எனக்கு வந்த ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்டத்து ஆபீஸ் மேசையில் பன்னிரண்டு நாள் கிடந்தது. கையில் கிடைத்தபோது திகதி முடிந்திருந்தது. எங்கள் லயத்துக்கு விலாசம் இல்லை. அதனாலோ என்னவோ, இந்த ஒரு கேள்வியில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம். சித்தியின் ஏழு பேர்ச் வீட்டுக்கு உறுதி கையில் இருக்கிறதா என்று அம்மாவிடமும் விசாரியுங்கள். பதிலைப் பொறுத்து அம்மாவின் கணக்கு கூடலாம், குறையலாம்.

இன்னொன்று. கட்சிக்கு ஒரு புள்ளடி (×) போட்ட பிறகு, அந்தப் பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். முடிவெடுக்காமல் தடுமாறும் உங்களைப் போன்றவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை. நுவரெலியாவுக்கு எட்டு ஆசனம். எந்தக் கட்சிக்கு எத்தனை என்பதைச் சின்னத்துக்கு விழும் வாக்குகள் முடிவு செய்யும். அந்த ஆசனத்தில் உட்காரும் ஆள் யார் என்பதை முடிவு செய்வது விருப்பு வாக்கு. கட்சியைப் பாதி மனதோடு தேர்ந்தாலும் ஆளை முழு மனதோடு தேரலாம். பட்டியலில் பெண் இருக்கிறாரா, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் யாராவது இருக்கிறாரா, பாருங்கள். நாலு பேருக்குப் போட்டுவிடாதீர்கள், நாலு போட்டால் விருப்பு வாக்கு ஒன்றுமே சேராது. தேர்தல் கடமையில் இருந்தவன், பார்த்துத்தான் சொல்கிறேன்.

கொழும்பிலேயே இருந்துவிடுவது பற்றிக் கேட்டீர்கள். வாக்குப் போடாமலிருப்பதும் உரிமைதான் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். என் தாத்தாவும் முப்பது வருடத்துக்கு மேல் வாக்குப் போடாமல்தான் இருந்தார். அது அவர் விருப்பம் இல்லை.

வாக்களிக்க விடுமுறை தர வேண்டியது கடை முதலாளியின் கடமை. தூரத்தைப் பொறுத்து நாள் கூடும். வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். 13ஆம் திகதி ஹட்டன் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது, 12ஆம் திகதியே கிளம்ப முடிந்தால் நல்லது. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வாக்குச் சாவடி காலை 7 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடப்படும்.

வீட்டில் பொய் எதற்கு? வாக்குச் சீட்டை மடிக்கும் அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் நிற்கத்தான் இடம் உண்டு. அப்பா கேட்டால் “போட்டுவிட்டேன்” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அவர் கேட்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்டால், செப்டம்பரில் அவர் யாருக்குப் போட்டார் என்று நீங்களும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்.