ஊருக்குள் சூடாகும் கார், ரோட்டில் ஏறினால் சரியாகிவிடுகிறது: கோளாறு எங்கே?

கேள்வி: பள்ளத்தூரில் பூர்வீக வீடு, நாங்கள் இருப்பது சென்னையில். வீட்டில் ஒரு பழைய டீசல் கார் நிற்கிறது, விசேஷத்துக்கு வந்தால்தான் எடுப்போம். இந்த முறை அப்பத்தாவைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போனபோது, கோயில் பக்கம் கூட்டத்தில் ஊர்ந்ததில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. திருச்சி ரோட்டில் ஏறினால் முள் இறங்கிவிடுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார், பலனில்லை. இப்போது ரேடியேட்டரை மாற்றணும், ஹெட் கேஸ்கெட்டும் போயிருக்கலாம் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், எதையும் இப்போது மாற்ற வேண்டாம். எப்போது சூடாகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதில்தான் பாதி விடை இருக்கிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், நிற்கும்போதும் ஊரும்போதும் அந்த வேலையை ஃபேன்தான் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலோ நெடுஞ்சாலையில் ஏசி போட்டுக்கொண்டு 80, 90-இல் போகும்போதுதான் முள் ஏறும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. அதனால் என் சந்தேகம் ஃபேன் மேலும் அதற்குப் போகும் ஒயர் மேலும்தான்.

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள், அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச். ஃப்யூஸ் பெட்டிக்குள் அதே மாதிரி இன்னொரு ரிலே இருக்கும், பல வண்டிகளில் ஹார்ன் ரிலேயே பொருந்தும். எண் ஒன்றுதானா என்று பார்த்து மாற்றிச் செருகினால் விஷயம் தெரிந்துவிடும். அப்போதும் அசையவில்லை என்றால், எலக்ட்ரீசியனை விட்டு ஃப்யூஸ் வைத்த ஒயரில் ஃபேன் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. சுற்றினால் கோளாறு ஒயரிலோ சென்சாரிலோ இருக்கிறது. மாதக்கணக்கில் பெரிய வீட்டில் சும்மா நிற்கும் வண்டி என்பதால் எலியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். பானட்டுக்குள் நெல் உமியோ புழுக்கையோ கிடந்தால் ஒயர் முழுவதையும் தடவிப் பார்த்துவிடுங்கள், மேலுறை மட்டும் கடிபட்டு உள்ளே செம்பு தெரியாத இடமும் இருக்கும்.

ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது. ஒரு தாளை முன்பக்கக் கிரில்லில் வைத்துப் பாருங்கள், உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் யாரோ மோட்டாரை ரிப்பேர் பார்த்துவிட்டு ஒயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம் (இப்படி நடக்குமா என்று கேட்பீர்கள், நடக்கும்). தாள் சோம்பலாக ஒட்டினால் மோட்டார் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே செம்மண் தூசியும் பூச்சியும் பாய் மாதிரி படிந்திருக்கலாம். என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுத்தம் குறைவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், பிரஷர் வாஷர் வைத்தால் தகடுகள் மடங்கிவிடும். ஒரு எச்சரிக்கை, சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும், கையை உள்ளே விடுமுன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும், அதுவரை தண்ணீரை என்ஜினுக்குள்ளேயே சுற்றவிட்டுச் சீக்கிரம் சூடேற்றும். பல என்ஜின்களில் அது திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் என்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியையும் அடைக்கும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாது. குளிர்விக்க என்று செய்தது சூட்டைக் கூட்டிவிடும்! பழையதைக் கேட்டு வாங்கி, பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு அதற்குள் போடுங்கள். வால்வு திறந்தால் அது நல்லதுதான், புது ரப்பர் வளையத்தோடு திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் தண்ணீர். வாட்ச்மேன் அவ்வப்போது போர் தண்ணீர் ஊற்றியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஊரார் பெருமையாகச் சொல்லும் சம்பை ஊற்றுத் தண்ணீராகவே இருக்கட்டும், குடிக்க நன்றாக இருக்கும், ரேடியேட்டருக்கு ஆகாது. அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நின்றால் அரிப்பு ஆரம்பித்துவிடும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் காரைக்குடியில் 1953-இல் திறந்த சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்ச்சி செய்யும் விஷயங்களில் இந்த மாதிரி அரிப்பும் ஒன்று. பழையதை வடித்துவிட்டு, உங்கள் வண்டிக் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள், அதன் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, சீக்கிரமே கொதித்துவிடும். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, போயிருந்தால் அதற்கு அடையாளம் தனி. கூலன்ட் வெளியே ஒழுகாமலே குறையும், வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு நிற்காமல் வரும், ஆயில் பால் காப்பி நிறத்தில் தெரியும், கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வரும். இதில் எதுவும் இல்லையென்றால் ஹெட்டைத் தொடவிடாதீர்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் கூலன்ட்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ரசாயன டெஸ்ட் இருக்கிறது, ஹெட்டை இறக்கும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

எல்லாம் மாட்டிய பிறகு காற்றை வெளியேற்ற மறக்க வேண்டாம். வண்டியின் முன்பக்கம் சற்று மேடான இடத்தில் இருக்க, ஹீட்டரை முழுசாகத் திருப்பிவைத்து, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, மட்டம் இறங்க இறங்க அதே கூலன்ட் கலவையை ஊற்றி, குமிழி நின்றதும் மூடுங்கள். மறுநாள் காலை ஒருமுறை மட்டம் பார்த்துவிட்டுப் பிறகு சென்னைக்குக் கிளம்பலாம்.