பாதி ஃபீஸ் தள்ளுபடி என்கிறார்கள், சேர்த்துவிடலாமா?

கேள்வி: என் மகள் இந்த வருடம் ப்ளஸ் டூவில் 600-க்கு 578 எடுத்திருக்கிறாள். கணக்கில் 98, இயற்பியலில் 97, வேதியியலில் 95. தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்தாள். கணவர் சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார், வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சம் இருக்கும். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் இதுவரை யாரும் டிகிரி படித்ததில்லை. ரிசல்ட் வந்த மறுநாளே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் தருகிறோம், மெரிட் ஸ்காலர்ஷிப்பாக டியூஷன் ஃபீஸில் பாதி தள்ளுபடி, 2,60,000-க்குப் பதில் 1,30,000 கட்டினால் போதும் என்றார்கள். ஐந்து நாளைக்குள் 50,000 கட்டி சீட்டை உறுதி செய்ய வேண்டுமாம். பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்திருக்கிறோம். கோவை, மதுரைப் பக்கம் நல்ல கல்லூரியே கிடைக்கும் என்று அவளுடைய ஆசிரியர் சொல்கிறார். ஆனால் அதற்கெல்லாம் ஆகஸ்ட் ஆகிவிடும், அதற்குள் இந்த சீட்டும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. மகளுக்கு ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) படிக்க ஆசை. ஆனால் கேட்டால், ‘நீங்க சொல்றதைச் செய்றேன்’ என்கிறாள். அடுத்தவன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். எதைத் தேர்ந்தெடுப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். அடுத்து, அந்த 50,000 ரூபாயை இந்த வாரம் கட்ட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் கணக்கில், கணித மதிப்பெண் முழுதாகச் சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சேரும். 98, 48.5, 47.5 கூட்டினால் உங்கள் மகளின் கட் ஆஃப் 200-க்கு 194. இந்த அளவுக்கு எடுத்தவர்கள் முதல் சுற்றிலேயே அழைக்கப்பட்டுவிடுவார்கள். கடைசிச் சுற்று வரை கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க வேண்டிய நிலையில் உங்கள் மகள் இல்லை. போனில் பேசியவர்கள் உங்களுக்குக் கொடுத்த பயத்தில் பாதி இங்கேயே போய்விட வேண்டும். 578 எடுத்த பிள்ளைக்குக் கல்லூரிகள்தான் போட்டி போட வேண்டும். ரிசல்ட் வந்த மறுநாளே போன் வந்ததற்குக் காரணமும் அதுதான். நல்ல மார்க் எடுத்தவர்கள் கலந்தாய்வுக்குள் போய்விட்டால் அப்புறம் அவர்களைப் பிடிக்க முடியாது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். ஆடித் தள்ளுபடியில் சேலை எடுக்கும்போது எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்பதைவிட, கடைசியில் பில் எவ்வளவு என்றுதானே பார்ப்போம்? கல்லூரி விஷயத்தில் மட்டும் ‘பாதி’ என்ற சொல் நம்மை மயக்கிவிடுகிறது. பாதி தள்ளுபடி டியூஷன் ஃபீஸுக்கு மட்டும். ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், லேப், பயிற்சிக் கட்டணம் என்று மற்ற எதிலும் ஒரு ரூபாய் குறையாது. உங்கள் கடிதத்தில் ஹாஸ்டல் பற்றி ஒரு வரிகூட இல்லை. அநேகமாக அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஹாஸ்டலும் மெஸ்ஸும் வருடத்துக்கு 1,20,000, மற்றவை 30,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1,30,000-ஐயும் சேர்த்தால் ஒரு வருடத்துக்கு 2,80,000. நான்கு வருடத்துக்கு 11,20,000. உங்கள் வீட்டின் நான்கு வருட மொத்த வருமானம் 14 லட்சம். நான் போட்ட தொகைகளை எடுத்துவிட்டு அந்தக் கல்லூரியின் உண்மையான தொகைகளைப் போட்டு, கணவரையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து இதே கணக்கை ஒருமுறை போடுங்கள். நான்கு வருடத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். முதல் வருடத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிட்டு மூன்றாம் வருடத்தில் நகையை அடகு வைக்க அலையும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாதித் தள்ளுபடியாவது நான்கு வருடமும் தொடருமா? இதை அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பல மெரிட் ஸ்காலர்ஷிப்புகளில் சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டர்களின் மதிப்பெண் சராசரி) இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது, ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது, வருகைப் பதிவு இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. கேட்கும்போது எளிதாகத்தான் தெரியும். 578 எடுத்தவளுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் அந்த வகுப்பில் உட்காரப்போகிறவர்களில் பலர் அவளைப் போலவே மார்க் எடுத்து, அதே சலுகையில் சேர்ந்தவர்கள். பல பல்கலைக்கழகங்களில் கிரேடு போடுவது மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுத்தான். எல்லாரும் நன்றாகப் படித்தாலும் சிலர் கீழே வந்தே தீர வேண்டிய முறை அது. முதல் செமஸ்டரில் புது ஊர், ஹாஸ்டல் சாப்பாடு, வீட்டு நினைப்பு என்று ஒரு பெண் கொஞ்சம் தடுமாறினால் அது இயல்பு. அந்தத் தடுமாற்றத்துக்கு வருடம் 1,30,000 விலை என்றால் அவள் மனது என்ன பாடுபடும்? முதல் வருடத்தோடு சலுகை நின்றுபோனால் மொத்தச் செலவு 15 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அதனால் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் வருடம் இந்த ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்தவர்களில் மூன்றாம் வருடத்திலும் அதை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? நேர்மையான கல்லூரி என்றால் பதில் சொல்லும். பேச்சை மாற்றினால் நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் மகளின் ஆசிரியர் சொன்னது. அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 1945-இல் தொடங்கிய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1952-இல் தொடங்கிய காரைக்குடி அழகப்பா அரசு பொறியியல் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரிகளான கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர், இவையெல்லாம் கலந்தாய்வு வழியாகக் கிடைப்பவை. சென்னைக்கு அனுப்ப மனமிருந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களும் பட்டியலில் இருக்கும். 194-க்கு எது கிடைக்கும் என்பது உங்கள் சமூகப் பிரிவையும் அந்த வருடப் போட்டியையும் பொறுத்தது. கலந்தாய்வு இணையதளத்தில் கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக முந்தைய வருடங்களின் கட் ஆஃப் இருக்கிறது. ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் கடைசி மூன்று வருடங்களைப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடப்பிரிவு இரண்டு விதமாக இருக்கும். ஒன்று அரசு உதவி பெறும் இடம், ஃபீஸ் மிகக் குறைவு. இன்னொன்று சுயநிதி இடம், பட்டியலில் பாடப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எஸ்.எஸ். என்று போட்டிருக்கும், ஃபீஸ் கூடுதல். சாய்ஸ் ஃபில்லிங் (விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவது) செய்யும்போது இந்த இரண்டெழுத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, சேரப் போன இடத்தில் திகைத்து நிற்பவர்கள் உண்டு. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், அதற்கு வரம்பில்லை. எது கிடைக்கும் என்று யூகித்துப் போடாமல், எது வேண்டுமோ அதை முதலில் போட்டு வரிசையாக இறங்கி வரச் சொல்லுங்கள். ஒதுக்கீடு வந்த பிறகும் அதை வைத்துக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்க வழி இருக்கிறது.

அரசுக் கல்லூரி என்றாலே எல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலவற்றில் ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன, ஹாஸ்டல் சுமாராக இருக்கிறது. தனியாரிலும் நிஜமாகவே நல்ல கல்லூரிகள் உண்டு. அதனால் கணவரும் மகளும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வரவேற்பறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத் திரும்பாமல், மூன்றாம் வருடம் படிக்கிற பெண்களிடம் பேச வேண்டும். கேன்டீனிலோ பஸ் ஸ்டாப்பிலோ பிடித்துக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். ஈ.சி.இ. துறையில் பாடம் எடுப்பவர்கள் வருடா வருடம் மாறுகிறார்களா, லேப்பில் எத்தனை பேர் சேர்ந்து ஒரு கருவியைத் தொடுகிறார்கள், அந்தத் துறையில் படித்தவர்களுக்கு எப்படிப்பட்ட வேலை கிடைத்தது என்று கேட்கட்டும். பிளேஸ்மென்ட் விளம்பரத்தில் போடுகிற அதிகபட்சச் சம்பளம் யாரோ ஒருவருக்குக் கிடைத்தது. நடுவில் இருக்கிற மாணவிக்கு என்ன கிடைத்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் தர அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கல்லூரி முழுவதற்கும் மொத்தமாகத் தருவதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருவது.

மெரிட் ஸ்காலர்ஷிப் என்றால் கல்லூரி தருவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அவளுடைய மார்க்கை வைத்து வேறு இடங்களிலும் கேட்கலாம். ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை பெண்களுக்கானது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், தேர்வானால் வருடத்துக்கு 50,000 ரூபாய். அரசு அல்லது அரசு உதவி பெறும் இடத்தில் சேர்ந்துவிட்டால் ஹாஸ்டல் செலவில் பெரும்பகுதியை இதுவே தாங்கிவிடும். போட்டி உண்டு, கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை. ப்ளஸ் டூவில் அந்தந்த வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறார்கள். இதில் பாதி இடங்கள் பெண்களுக்கு. இரண்டுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான், கல்லூரியில் சேர்ந்த பிறகு விண்ணப்பிக்க வேண்டும்.

இவற்றை விட உறுதியானது முதல் பட்டதாரி சலுகை, அதாவது குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி படிக்கிறவருக்கு டியூஷன் ஃபீஸில் தமிழக அரசு தரும் சலுகை. உங்கள் குடும்பத்தில் யாரும் டிகிரி படிக்கவில்லை என்பதால் அவளுக்கு அந்தத் தகுதி இருக்கிறது. ஆனால் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்தால் கிடையாது. போனில் பேசியவர்கள் இதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பதால் தம்பிக்கு இது வராது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அரசு உதவிகளை வாங்கக் கூடாது என்று விதிகள் இருப்பதால், கல்லூரி முடிவான பிறகு எதில் தொகை அதிகம் என்று பார்த்து எடுக்க வேண்டும். அரசுக் கல்லூரியில் டியூஷன் ஃபீஸே குறைவு என்பதால் அங்கே பிரகதிதான் பெரிது.

தனியார் கல்லூரி தரும் சலுகையை எப்போது ஏற்கலாம்? டியூஷன் ஃபீஸ் முழுவதும் தள்ளுபடி, நிபந்தனை ஒரு சராசரி செமஸ்டரைத் தாங்கக் கூடியது, அவள் விரும்பும் பாடம், கலந்தாய்வில் கிடைப்பதைவிட உண்மையிலேயே மேலான துறை. இவை எல்லாம் சேர்ந்து வந்தால் யோசிக்காமல் சேர்க்கலாம். உங்களுக்கு வந்திருப்பது அப்படியில்லை. அவள் கேட்ட பாடம்கூட இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸில் வேலை வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். ஈ.சி.இ. படித்தவர்களும் மென்பொருள் நிறுவனங்களில் நிறைய இருக்கிறார்கள், சிப் வடிவமைப்பு போன்ற வேலைகளுக்கு அந்தப் படிப்பே நேர்வழி. ‘நீங்க சொல்றதைச் செய்றேன்’ என்று அவள் சொல்வது அப்பாவின் வருமானம் அவளுக்குத் தெரியும் என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பணக் கணக்கை மறைக்காமல் அவள் முன்னால் வைத்துவிட்டு, அப்புறம் கேளுங்கள். பதில் மாறலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கணவர் மனசு கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டால், ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே அறிவித்திருக்கிறது. அதே அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும், நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தும். ரசீது இல்லாமல் யாரிடமும், குறிப்பாக இடைத்தரகர்களிடம், ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை வேறு. முதல் பட்டதாரி சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கையில் இல்லையென்றால் நாளைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று போய் வருவதற்குள் நாளாகிவிடும், கலந்தாய்வுச் சமயத்தில் கூட்டமும் அதிகம். கலந்தாய்வுப் பதிவில் முதல் பட்டதாரி என்று குறிப்பிட்டிருக்கிறீர்களா என்பதையும் சரிபாருங்கள். விட்டுப்போயிருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பு முடிவதற்குள் உங்கள் பக்கத்து உதவி மையத்துக்குப் போய்த் திருத்திக்கொள்ளுங்கள்.