சென்னை–லண்டன் விமான தூரம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆகும்?

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மாவைத் தனியாக லண்டனுக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் போகும்போது 11 மணி நேரம் அளவில், திரும்பும்போது 10 மணி நேரம் அளவில் ஆகும். அவ்வளவு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று வீசுகிறது. போகையில் அது எதிர்க்காற்று. வருகையில் அதுவே தள்ளிவிடும்.

இந்த 8,200 கிலோமீட்டர் பூமி உருண்டையின் மேல் அளந்தது. அட்லஸில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது பாரசீக வளைகுடா பக்கமாகப் போகும். வீட்டில் குளோப் இருந்தால் பூக்கட்டுகிற வாழைநாரைச் சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே விறைப்பாக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நார் தானாக வடக்கே ஏறி, காஸ்பியன் கடல், உக்ரைன் என்று போகும். அதுதான் குறுக்கு வழி. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி மூடியிருப்பதால் விமானம் கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது.

என் அம்மா அக்காவின் பேறுகாலத்துக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து போனார்கள். வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ், சனிக்கிழமை விடியத் தாம்பரம், அங்கே சித்தி வீட்டில் ஒரு பகல், ஞாயிறு அதிகாலை விமானம். அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில், “எய்யா, மெட்ராஸ் வரதுக்கும் இவ்வளவு நேரந்தானே ஆச்சு!” என்றார்கள். உண்மைதான். 650 கிலோமீட்டர் ரயிலுக்கும் 8,200 கிலோமீட்டர் விமானத்துக்கும் ஏறக்குறைய ஒரே நேரம். நமக்கு விமான நேரத்தோடு இந்த ஒன்றரை நாளையும் சேர்த்துத்தான் கணக்கு. எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள், விமான நிலையம் பக்கம்.

திருவனந்தபுரம் நமக்குக் கிட்டத்தில்தானே, அங்கிருந்து துபாயில் விமானம் மாறிப் போகலாமே என்று தோன்றும். அங்கிருந்து துபாய் ஏறக்குறைய 2,950, துபாயிலிருந்து லண்டன் 5,500 கிலோமீட்டர். நேர் தூரத்தைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. கூடுவது காத்திருப்புதான். துபாயின் அந்தப் பெரிய விமான நிலையத்தில் கேட் தேடி நடக்க வயதானவர்களால் முடியுமா? கூட ஆள் இருந்தால் அந்த வழி நல்லதுதான். தனியாகப் போகிறவர்களுக்கு என் யோசனை சென்னையிலிருந்து நேரடி விமானம். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் மாத்திரை. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை. காலை 6 மணிக்குக் கிளம்பி 11 மணி நேரம் பறந்து இறங்கினால் குளிர்காலத்தில் அங்கே பகல் 11.30தான். மதியச் சாப்பாடே இரண்டு தடவை வந்துவிடும். என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டு, நம் ஊர் நேரத்திலேயே எழுதி மாத்திரை டப்பா மூடியில் ஒட்டிக் கொடுத்தேன். கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். அக்கா வீடு போய்ச் சேரும்வரை அது பாளையங்கோட்டை நேரத்திலேயே ஓடியது.