பழைய கோபுரத்தின் மேல் புதிய மாடிகள்: கட்டமைப்புப் பொறியாளரிடம் கேள்வி பதில்

கேள்வி: சிட்னியின் பழைய ஏ.எம்.பி. சென்டரை இடிக்காமலே புதுக்கினார்கள் என்கிறார்களே, உண்மையில் எவ்வளவு மிஞ்சியது ஐயா?

பதில்: 1976இல் எழுந்த அந்த 45 மாடிக் கட்டடம்தான், மேலும் உயர்த்தப்பட்டு, 2022 முதல் குவே குவார்ட்டர் டவர் என்ற பெயரில் நிற்கிறது. தூண்கள், உத்தரங்கள், தளங்களில் ஏறத்தாழ 65 விழுக்காடும், லிஃப்டுகள் செல்லும் நடுச்சுவர்க் கூட்டில் 95 விழுக்காடும் காப்பாற்றப்பட்டன. வடபுறத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புதுத் தளங்களைச் சேர்த்ததில் பரப்பு ஏறக்குறைய இரு மடங்கானது.

கேள்வி: பழையதோடு புதியதை ஒட்டினால் விரிசல் விடாதா?

பதில்: கவனிக்காவிட்டால் நிச்சயம் விடும். நாற்பது ஆண்டு நின்ற கான்கிரீட் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி ஓய்ந்திருக்கும். புதிய தூணோ உலரும்போதும் சுமை ஏறும்போதும் சிறிது சிறிதாகக் குறுகிக்கொண்டே இருக்கும். உடனே இணைத்துவிட்டால் தளம் ஒரு பக்கமாகச் சாயும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டையைத் திறந்தே விட்டு, புதிய பகுதி பெருமளவு அமர்ந்த பிறகே கான்கிரீட் இட்டு மூட வேண்டும். உயரத்தைவிட இந்தக் காத்திருப்புதான் கடினம் என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் அலுவலகம் எண்பதுகளில் கட்டியது. மேலே மூன்று மாடி எழுப்ப எண்ணுகிறோம். முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் அஸ்திவார வரைபடத்தைத் தேடி எடுங்கள், கிடைக்காவிட்டால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். அடுத்து, தூண்களில் துளையிட்டு உருளை வடிவ மாதிரி எடுத்து, வெட்டிய முகத்தில் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவம் தெளிப்பார்கள். இளஞ்சிவப்பாக மாறிய இடத்தில், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை இருக்கிறது. நிறம் மாறாத விளிம்பு கம்பி வரை எட்டியிருந்தால், உள்ளே துருப்பிடிக்க வழி திறந்துவிட்டது என்று பொருள். மாடி எழுப்பும் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உள்ளே கனத்த செங்கல் தடுப்புச் சுவர்கள் இருந்தால் அகற்றிவிட்டு, மேலே எஃகுச் சட்டகம் அமைத்தால் சுமையில் ஓரளவு ஈடாகும்.

கேள்வி: கீழே ஊழியர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மேலே கட்ட இயலுமா?

பதில்: இயலும். சிகாகோவின் புளூ கிராஸ் கோபுரம் 1997இல் 33 மாடிகளோடு முடிந்தது. 2007 முதல் 2010 வரை மேலும் 24 மாடிகள் ஏறின, கீழே அலுவலகம் நடந்துகொண்டே இருந்தது. ஆனால் அங்கே அஸ்திவாரமும் லிஃப்டுகளுக்கான இடமும் முதல் நாளிலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. உங்களுடையதில் அப்படி இல்லையென்றால், புதிய லிஃப்ட் குழிக்காக ஒவ்வொரு தளத்திலும் ஓர் அறையை இழக்க வேண்டியிருக்கும். வாடகைக் கணக்கில் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.